எனக்குப் பிடிக்கும், மே குஸ்தா: உயர்நிலைப் பள்ளியில் முதலாண்டு ஸ்பானிஷ்

அமெரிக்காவில் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் முன் பாடத் தேர்வுப் படிவம் ஒன்று வீட்டுக்கு வரும். அதில் ‘உலக மொழிகள்’ என்ற கட்டத்தில் எதைக் குறிப்பது என்று எங்கள் வீட்டில் இரண்டு வாரம் பேச்சு நடந்தது. பிரெஞ்சு என்றார் என் கணவர். மாண்டரின் என்றார் அவருடைய நண்பர். மகள் ஸ்பானிஷைக் குறித்தாள். பள்ளிப் பேருந்தில் தினமும் காதில் விழும் மொழி அது, அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவள் சொன்ன காரணம். இந்த நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள் என்பதை நினைத்தால் அது நல்ல காரணம்தான்.

இந்த ஜூன் மாதம் அந்த முதலாண்டு முடிந்தது. ஆண்டு முழுவதும் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைக் கூடவே படித்தவள் நான். ‘ஸ்பானிஷ் 1’ என்று அட்டவணையில் போட்டிருக்கும் இந்த வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப்போகும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் பிள்ளை சரளமாகப் பேசிவிடாது. தன்னையும் குடும்பத்தையும் அறிமுகம் செய்யும், பிடித்தது, பிடிக்காதது சொல்லும், மணி சொல்லும், வெயிலா மழையா என்று சொல்லும், உணவகத்தில் வேண்டியதைக் கேட்கும், அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறது என்பதையும் சொல்லும். நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கும். மகளின் வகுப்பில் இறந்தகாலம் வரவே இல்லை, அது இரண்டாம் ஆண்டுப் பாடம். நிகழ்காலத்தை வைத்துக்கொண்டே பத்து மாதங்கள் ஓடின. இது குறைவு என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஒரு வினைக்கு ஐந்தாறு வடிவங்கள், அதிலும் பல வினைகள் விதியை மீறுகிறவை என்று பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

முதல் மூன்று வாரங்கள் வணக்கமும் எழுத்தும் எண்ணும்தான். ஓலா, புவேனோஸ் தீயாஸ், கோமோ தே யாமாஸ். ஆளுக்கொரு ஸ்பானிஷ் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார் ஆசிரியை. மகள் தன் பெயரையே வைத்துக்கொள்கிறேன் என்றாள், அவரும் மறுக்கவில்லை. ஸ்பானிஷில் 27 எழுத்துகள். எச் எழுத்து இருக்கிறது, ஆனால் ஒலிக்காது. ஜே எழுத்து ‘ஹ’ என்று ஒலிக்கும். ‘என்’ (n) எழுத்தின் தலையில் சிறிய அலை ஒன்று போட்டால் அது நம் ‘ஞ’. அந்த அலையை அலட்சியம் செய்யக் கூடாது என்று முதல் வாரமே எச்சரித்தார்கள்: வயதைச் சொல்லும் ‘ஆஞோஸ்’ என்ற சொல்லில் அலை விட்டுப்போனால் பொருள் அநாகரிகமாகிவிடும்.

கேள்வி வாக்கியம் தொடங்கும் இடத்திலேயே தலைகீழாக ஒரு கேள்விக்குறி போட வேண்டும் என்பதைக் கண்டு மகள் வியந்தாள். எனக்கு அதன் நியாயம் உடனே புரிந்தது. நமக்கு ‘வருகிறாய்’ என்பதோடு ஓர் ‘ஆ’ சேர்த்தால் கேள்வி பிறந்துவிடும். ஸ்பானிஷில் ‘வருகிறாய்’, ‘வருகிறாயா’ இரண்டுக்கும் பெரும்பாலும் சொற்கள் ஒன்றே, குரல்தான் மாறும். படிப்பவரின் குரலை முன்கூட்டியே உயர்த்தச் சொல்லும் குறி அது.

ஒலிப்புதான் நான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்த இடம். ஸ்பானிஷில் உயிரொலி ஐந்து. அ, எ, இ, ஒ, உ, அவ்வளவுதான். ஆங்கிலத்தைப் போல ஓர் எழுத்து இடத்துக்கு இடம் வேறு வேறாக ஒலிப்பதில்லை. அடுத்தது மெய்யொலிகள். ‘எல்லாம்’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘தோதோ’. இந்தத் தமிழ் எழுத்துகளை நாம் வாசிக்கிறபடி வாசியுங்கள்: முதல் ‘த’ வல்லினமாக, பற்களைத் தொட்டு வரும். இரண்டாவது ‘த’, ‘அது’ என்ற சொல்லில் வருவதைப் போல மெலிந்து வரும். ஸ்பானிஷ்காரர்கள் சொல்வதும் அப்படித்தான். ‘அமீகோ’ என்றால் நண்பன். அதன் நடுவில் வரும் ‘க’வும் ‘மகள்’ என்பதில் வருவதைப் போலத் தளர்ந்து ஒலிக்கும். சொல்லின் முதலில் வல்லினம் ஒரு மாதிரி, இரண்டு உயிர்களுக்கு நடுவே வேறு மாதிரி என்று நாம் பால் பற்களோடு கற்ற பழக்கம் அங்கேயும் இருக்கிறது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் ‘டோடோ’ என்று சொல்லித் திருத்தம் வாங்கிக்கொண்டிருந்தபோது மகளுக்கு அது முதல் நாளே வந்துவிட்டது. ஏன் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது, ‘தாத்தா’ என்று சொல்லிப் பார், பிறகு ‘அது’ என்று சொல்லிப் பார் என்றேன். கையை உதட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டு இரண்டையும் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

‘ர’வும் அப்படியே. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெர்ரோ’ என்றால் நாய். முன்னது நம் சாதாரண ரகரம். பின்னதற்கு நாக்கு நுனி பலமுறை துடிக்க வேண்டும், அதற்கு எங்களுக்கும் நவம்பர் வரை ஆனது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய் இரவு. ‘பிடிக்கும்’ என்பதற்கான பாடம் நடந்து முடிந்து பயிற்சித்தாள் ஒன்று வந்திருந்தது. பத்து வாக்கியங்களில் ஆறு தவறு. சிவப்பு மையில் ஆறு இடங்களிலும் ஒரே குறிப்பு: ‘யோ குஸ்தோ’ என்று எழுதக் கூடாது, ‘மே குஸ்தா’ என்று எழுத வேண்டும். மகளுக்குக் கோபம். நான் பிடிக்கிறேன் என்றால் எழுவாய் ‘நான்’தானே, பிறகு ஏன் ‘யோ’ வராது என்று கேட்டாள். ஆங்கிலத்தில் யோசித்துக் கேட்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“புத்தகம் பிடிக்கும் என்பதைத் தமிழில் சொல்” என்றேன்.

“எனக்குப் புத்தகம் பிடிக்கும்.”

“நான் என்று ஏன் சொல்லவில்லை?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பென்சிலை எடுத்து ‘மே’ என்பதற்குக் கீழே ‘எனக்கு’ என்று எழுதினாள். ‘குஸ்தா’ என்பதற்குக் கீழே ‘பிடிக்கிறது’. அடுத்த வாக்கியத்தில் புத்தகங்கள், பன்மை. ‘மே குஸ்தான் லோஸ் லீப்ரோஸ்.’ அதன் கீழே ‘எனக்குப் புத்தகங்கள் பிடிக்கின்றன’ என்று எழுதிவிட்டு, “அம்மா, இதிலும் பன்மைக்கு வினை மாறுகிறது” என்றாள். ஆறு வாக்கியங்களையும் பத்து நிமிடத்தில் திருத்தி முடித்தாள். பிறகு தானாகவே புத்தகத்தைப் புரட்டி, தலைவலிக்கு என்ன சொல்கிறார்கள் என்று தேடினாள். ‘மே துவேலே லா கபேசா.’ எனக்குத் தலை வலிக்கிறது. அதுவும் ‘எனக்கு’.

ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் தலைகீழாக நிற்பதைப் போல. நம் பிள்ளைக்கு அது வீட்டுச் சோறு. இதை எந்த ஆசிரியரும் சொல்லித்தர மாட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அது அவர் குற்றமில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் ஒவ்வொரு பாடத்தையும் தமிழோடு வைத்துப் பார்க்கத் தொடங்கினோம். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம். யார் பேசுகிறார் என்பதை வினையின் விகுதியே சொல்லிவிடுவதால் ‘நான்’, ‘நாங்கள்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ‘வந்தேன்’ என்று எழுவாய் இல்லாமல் பேசிப் பழகிய பிள்ளைக்கு இதை ஒரு விதியாகக் கற்பிக்கவே வேண்டாம். ‘தூ’ என்பது நீ, ‘உஸ்தேத்’ என்பது நீங்கள். ஆசிரியரிடம் எது, தோழியிடம் எது என்று வகுப்பில் ஒரு நாள் முழுக்க நாடகம் போட்டுப் பழக்கினார்களாம். மகளுக்கு அந்த நாள் ஓய்வு நாள்.

ஸ்பானிஷ் 1இல் பிள்ளைகளை அதிகம் அழவைப்பது ‘செர்’, ‘எஸ்தார்’ என்ற இரட்டைதான். ஆங்கிலத்தில் ஒரே வினை இருக்கும் இடத்தில் ஸ்பானிஷில் இரண்டு. ‘சோய் எஸ்துதியான்தே’ என்றால் நான் மாணவி. ‘எஸ்தோய் என் காசா’ என்றால் வீட்டில் இருக்கிறேன். தமிழைக் கவனியுங்கள்: முதல் வாக்கியத்தில் நமக்கு வினையே இல்லை, இரண்டாவதில் ‘இரு’ வருகிறது. யார், என்ன என்று சொல்லும்போது ஒரு வகை, எங்கே என்று சொல்லும்போது வேறு வகை என்ற பிரிவு நம்மிடமும் இருக்கிறது. களைப்பாக இருக்கிறேன் என்பதற்கும் ‘எஸ்தோய் கன்சாதா’தான். ஆனால் இந்தப் பாலத்தில் கடைசி வரை நடக்க முடியாது. ‘அவள் உயரமாக இருக்கிறாள்’ என்று நாம் சொல்லும் இடத்தில் ஸ்பானிஷ் ‘செர்’ பக்கம் போய்விடுகிறது, ஏனென்றால் உயரம் அவள் இயல்பு. இந்த இடத்தில் மகள் இரண்டு தேர்வுகளில் மதிப்பெண் இழந்தாள். தமிழை நம்பி நான் சொன்னதால் ஒரு முறை இழந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயர்ச்சொற்களின் பாலில் தமிழ் சுத்தமாகக் கைவிட்டுவிடும். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ‘ஆ’வில் முடிந்தால் பெண், ‘ஓ’வில் முடிந்தால் ஆண் என்று தொடங்குவார்கள். உடனே ‘மாப்பா’ (வரைபடம்), ‘தீயா’ (நாள்), ‘ப்ரொப்லேமா’ (சிக்கல்) எல்லாம் ஆண்பால் என்றும் ‘மானோ’ (கை) பெண்பால் என்றும் வரும். அடைமொழியும் பெயருக்குப் பின்னால் வந்து பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாற வேண்டும். நமக்கு ‘வெள்ளை’ எதற்கும் வெள்ளைதான். இதற்குக் குறுக்குவழி கிடையாது. பாலைக் காட்ட முன்னால் வரும் ‘எல்’ (ஆண்பால்), ‘லா’ (பெண்பால்) என்பதோடு சேர்த்தே சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டும்: ‘மேசா’ என்று படிக்காமல் ‘லா மேசா’ என்றே படிக்க வேண்டும்.

ஆங்கிலம் உதவவே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடும்பம் ‘ஃபமீலியா’, பல்கலைக்கழகம் ‘உனிவெர்சிதாத்’. நூற்றுக்கணக்கான சொற்கள் இப்படிக் கேட்ட மாத்திரத்தில் புரியும். அதே ஆங்கிலம் ‘எக்ஸிதோ’ என்பதை வெளியேறும் வழி என்று நினைக்கவைக்கும், அதன் பொருளோ வெற்றி. சொற்களுக்கு ஆங்கிலம், வாக்கிய அமைப்புக்குத் தமிழ் என்று நாங்கள் பங்கு பிரித்துக்கொண்டோம்.

வினை மாற்றங்களை நினைவில் வைக்க வகுப்பில் சொல்லித்தந்த ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. ‘வேண்டும்’ என்ற வினையை இரண்டு வரிசையாக எழுதுவார்கள். இடப்பக்கம் கியேரோ, கியேரெஸ், கியேரே. வலப்பக்கம் மேலே கேரேமோஸ், கீழே கியேரென். நடுவில் ஸ்பெயினில் மட்டும் புழங்கும் ‘வொசோத்ரோஸ்’ (பலரைப் பார்த்துச் சொல்லும் ‘நீங்கள்’) வடிவம். மகளின் ஆசிரியை அதைக் காட்டியதோடு விட்டுவிட்டார். உயிரொலி மாறும் நான்கையும் சுற்றிக் கோடு போட்டால் பூட்ஸ் போன்ற வடிவம் கிடைக்கும். அதனாலேயே இவற்றுக்கு பூட்ஸ் வினைகள் என்று பெயர். மகளின் நோட்டில் பதினேழு பூட்ஸ்கள் இருக்கின்றன, சிலவற்றுக்கு நாடா கூட வரைந்திருக்கிறாள்.

வீட்டுப்பாடம் நாளுக்கு இருபது நிமிடம், வெள்ளிக்கிழமைதோறும் சிறு தேர்வு, மாதம் ஒரு செயல்திட்டம். செயல்திட்டங்களில் பலவும் அட்டையில் படம் ஒட்டும் வேலைதான். இருபது நாடுகளில் ஸ்பானிஷ் ஆட்சி மொழி, அவற்றில் ஒன்றைப் பற்றிச் சுவரொட்டி செய் என்றால் மூன்று மணி நேரம் கத்தரிக்கோலோடு போகும், மொழி மூன்று வரிகூட வளராது.

நவம்பரில் நடந்தது மட்டும் வேறு. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் நாள். வகுப்பில் மேசை போட்டு, படையல் வைத்து, ஆளுக்கு ஒரு படம் கொண்டுவரச் சொன்னார்கள். மகள் என் அப்பாவின் படத்தை எடுத்துப்போனாள். அவரைப் பற்றி ஐந்து வரி ஸ்பானிஷில் எழுதிப் படித்தாள். படையலில் குவித்திருந்த பூ துலுக்கச் சாமந்தி. அது மெக்சிகோ மண்ணில் பிறந்து கடல் கடந்து நம் ஊர் மாலைகளுக்கு வந்த பூ என்பதை அன்று ஆசிரியை சொன்னாராம். தாத்தாவுக்கும் அதே பூதான் போடுவோம் என்று மகள் எழுந்து சொல்லியிருக்கிறாள். ஆண்டில் வேறு எதற்காக இல்லையென்றாலும் இந்த ஒரு நாளுக்காக நான் அந்த ஆசிரியைக்கு நன்றி சொல்வேன்.

குறை ஒன்று பெரிதாக இருக்கிறது. பேசுவதற்கு நேரம் இல்லை. ஐம்பது நிமிட வகுப்பு, 28 பிள்ளைகள். எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு நிமிடம்கூட வராது, அதிலும் வருகைப்பதிவும் விளக்கமும் போய்விடும். இணையத்தில் நடக்கும் வினாடி வினா விளையாட்டுகள் அடிக்கடி உண்டு. பிள்ளைகளுக்கு அது குதூகலம், ஆனால் அங்கே விரல்தான் வேலை செய்கிறது, நாக்கு இல்லை. கேட்டல், படித்தல், எழுத்து மூன்றுக்கும் நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். பேச்சுக்குக் கொடுக்க முடியாது. ஆசிரியையிடம் பெற்றோர் சந்திப்பில் சொன்னேன். வகுப்பின் அளவைக் குறைக்கத் தன்னால் முடியாது என்றார், அவர் குரலிலும் அந்த வருத்தம் இருந்தது. நாங்கள் வீட்டில் இரவு உணவின் முதல் பத்து நிமிடத்தை ஸ்பானிஷுக்கு ஒதுக்கினோம். உப்பு, தண்ணீர், போதும், இன்னும் கொஞ்சம். அதில்தான் அவள் நாக்கு பழகியது.

வகுப்பில் வீட்டிலேயே ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் மூவர் இருந்தார்கள். பல பள்ளிகளில் இவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு, இங்கே இல்லை. முதல் மாதம் அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு மகள் அவர்களில் ஒருத்தியோடு சேர்ந்து உட்காரத் தொடங்கினாள். பாடப்புத்தகத்தில் பேனாவுக்கு ‘பொலீக்ரஃபோ’ என்று இருக்கும், அந்தப் பெண் வீட்டில் ‘ப்ளூமா’ என்பார்கள். எது சரி என்று மகள் என்னிடம் கேட்டாள். யாழ்ப்பாணத்தில் ‘கதைக்கிறோம்’, மதுரையில் ‘பேசுகிறோம்’, எது சரி என்று நான் கேட்டேன். உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் இப்படிப்பட்ட தோழி இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலி பற்றி ஒரு வார்த்தை. மார்ச்சில் ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தபோது மகள் ஆங்கிலத்தில் எழுதிச் செயலியில் போட்டு எடுத்துவிட்டாள். ஆசிரியைக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை கண்டுபிடிக்க. கற்பிக்காத இறந்தகால வினைகள் இரண்டு அதில் இருந்தன. அவற்றைக் காட்டி, இது என்ன என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. திரும்ப எழுத வாய்ப்புக் கொடுத்தார், பாதி மதிப்பெண்ணுக்கு. தப்பும் தவறுமாக அவளே எழுதிய ஆறு வரிகளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், அவை முதலில் கொடுத்த பத்தியைவிட எவ்வளவோ மேல்.

கல்லூரிக் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டோடு நிறுத்தினால் பல இடங்களில் பயனில்லை. உதாரணமாக, கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஒரே மொழியில் இரண்டாண்டு படிப்பைக் கட்டாயமாகக் கேட்கிறது, மூன்றாண்டு இருந்தால் நல்லது என்கிறது. ஆகவே இதில் சேரும்போதே குறைந்தது இரண்டாண்டுக்கு மனதைத் தயார்செய்துகொண்டு சேருங்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் சேர்ப்பதென்றால் வேண்டாம். தினமும் இருபது நிமிடம் சலிக்காமல் கொடுக்கிற பிள்ளைக்கே இந்த வகுப்பு கனியும். அப்படிக் கொடுக்கிற பிள்ளை என்றால், அதிலும் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை என்றால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

மகள் இரண்டாம் ஆண்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். பிப்ரவரிக்கு முன் செய்த சொல்லட்டைகளில் முன்பக்கம் ஸ்பானிஷ், பின்பக்கம் ஆங்கிலம். அதற்குப் பிறகு செய்தவற்றில் பின்பக்கம் தமிழ், அவள் கையெழுத்தில், சில இடங்களில் ஒற்று இல்லாமல். பழைய காலணிப் பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் ரப்பர் வளையம் போட்டு அடுக்கி வைத்திருக்கிறாள். ஆறாம் வகுப்பு முடித்திருக்கும் தம்பி போன வாரம் அந்தப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தான். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பாமலே, “அக்கா, மே துவேலே என்றால் எனக்கு வலிக்கிறதுதானே?” என்று அறைக்குள்ளிருந்து கத்தினான்.